முதலில் எழுந்த கை

அமெரிக்காவில் எங்கள் ஐடஹோ மாநிலத்தில் கஞ்சா மிட்டாய் ஒன்று பையில் இருந்தாலே குற்றம். அரை மணி நேரம் வண்டி ஓட்டி எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான ஆரிகனுக்குள் போனால், அதே மிட்டாய்க்குக் கடை, கடை முன்னால் வரிசை. வாசலில் நிற்கும் கார்களில் பாதி எங்கள் ஊர் கார்கள். பேர் கேட்காமல் கேட்டால் எல்லோரும் சட்டத்தைத் தளர்த்தலாம் என்பார்கள். அதற்கான மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

நானும் மாதம் ஒருமுறை போவேன். என் கணவர் லைலுக்கு விரல் முட்டிகளில் வாதம். இரவில் ஒரு மிட்டாய் போட்டால்தான் தூக்கம் வரும். காலையில் பள்ளிப் பேருந்து ஓட்ட வேண்டுமே.

மார்ச்சில், பின்விளக்கு எரியவில்லை என்று எங்கள் வண்டியை நிறுத்திய போலீஸ் கதவுப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துவிட்டது. வழக்கு லைல் மேல். தண்டனை வந்தால் அவருடைய இருபத்திரண்டு வருஷ வேலை போய்விடும்.

தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரர்கள் ஆறு பேர் ஜூரி. ஆள் தேர்ந்தெடுக்கும்போது, இங்கே யாராவது கஞ்சா வாங்கியதுண்டா என்று நீதிபதி கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. ஜோலீன் ஸ்டப்ஸும் அசையவில்லை. கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்று, தூக்கத்துக்கு எது நல்லது என்று எனக்கே பாடம் எடுத்தவள். நமக்காகத்தான் பொய் சொல்கிறாள் என்று பூரித்துப்போனேன். அவளை விலக்கலாமா என்று எங்கள் வக்கீல் யோசித்தபோது, வேண்டாம், அவள் நம்ம ஆள் என்று காதில் ஓதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்து, குற்றவாளி என்றார்கள். வெள்ளிக்கிழமை லைல் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் சாவானாலும் வேலை போனாலும் சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கோடு வந்து நிற்பார்கள். சனிக்கிழமை ஜோலீன் வந்தாள். தட்டை நான் வாங்கவில்லை. ஜூரி அறைக்குள் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"யாருமே வாயத் தொறக்கல, வெர்னா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாங்க. சும்மா இருந்தா எம்மேல சந்தேகம் வந்துடுமேன்னு நான்தான் முதல்ல 'குத்தவாளி'ன்னு கையத் தூக்குனேன். அப்புறந்தான் மத்தவங்க தூக்குனாங்க."

அந்த மற்றவர்களில் இரண்டு பேரை அதே கடை வாசலில் பார்த்திருக்கிறேன்.

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் எல்லைப் பக்கம் போறேன். லைலுக்கு வாங்கியாரட்டா?"

"வாங்கிட்டு வா. நாளைக்கு சர்ச்சுல, எல்லாரும் பாக்க எங்கையில குடு."

ஜோலீன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தட்டோடு காருக்குப் போய்விட்டாள்.