ராபியாவின் கடை

“இன்னும் ஒரு பட்டை கிழி, ஹாதியா. காலாண்ட கட்டணும்.”

ஹாதியா வெள்ளைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தாள். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தது அவள் கணவனின் அக்கா ராபியாவை. நாற்பத்தொரு வயது. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

“பெத்தவ மாதிரி பாத்துகினா அந்தக் கொழந்தைய” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இறந்து கிடப்பவளின் மையத்தின் முன்னாலும் அந்தச் சொல் ஹாதியாவுக்குச் சுருக்கென்றது.

கேளம்பாக்கம் சூப்பர் மார்க்கெட்டில் பத்து மணி நேரம் நின்று பில் போடுபவள் அவள். அவள் மகள் ஜன்னாவுக்கு ஏழு வயதிலும் கழித்தல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்கார்ந்தால் இரண்டாவது கணக்கிலேயே ஹாதியாவின் குரல் உயரும், பிள்ளை அழும். புருஷன் வீட்டை விட்டு வந்து மூன்று வருஷமாக இங்கே இருந்த ராபியாதான் பேஸ்ட் டப்பாவையும் சோப்பு உறையையும் ஜன்னலடியில் அடுக்கி, விலை எழுதி ஒட்டி, ஜன்னாவைக் கடைக்காரியாக்கினாள். இரண்டே மாதத்தில் பிள்ளை தன் ராபியா மாமிக்கு மீதிக்காசு கொடுக்கப் பழகிவிட்டது.

ஒரு ஞாயிறு ஹாதியாவும் போய் நின்றாள். “ஒரு சோப்பு குடுங்க.”

“கடை மூடியாச்சு” என்றாள் ஜன்னா.

“இப்பதான மாமிக்குக் குடுத்த?”

“தப்பா குடுத்தா நீ கத்துவ. மாமி சிரிக்கும்.”

“அப்டி சொல்லக் கூடாது. அம்மாக்கும் குடு” என்றாள் ராபியா. பிள்ளை சொன்னதைவிட அந்தச் சிபாரிசைத்தான் ஹாதியாவால் தாங்க முடியவில்லை.

அன்றே கணவன் தௌசிஃபிடம் ஆரம்பித்தாள். “உங்க அக்காவ அச்சரப்பாக்கத்துல உங்க தம்பி வூட்ல கொஞ்ச நாள் வுட்டுட்டு வாங்க. எனக்கும் என் பொண்ணு வேணும்.”

தௌசிஃப் இரண்டு நாள் தள்ளிப்போட்டான். மூன்றாம் நாள் அக்காவிடம் சொன்னான். ராபியா ஏன் என்று கேட்கவில்லை. பையைக் கட்டிக் கதவோரம் வைத்தாள். இன்று காலைதான் புறப்பட வேண்டியது.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் ராபியாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது தெருமுனை திரும்பும்வரை ஜன்னா “மாமீ” என்று கத்தினாள். எனக்காக இப்படி அழுவாளா என்ற நினைப்பு ஹாதியாவுக்கு வந்தது. கூசியது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

வந்தவர்களுக்கு டீ போடச் சர்க்கரை இல்லை. அழுது ஓய்ந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாதியா முனைக் கடைக்குப் போனாள். அரைக் கிலோ இருபத்திநாலு ரூபாய். அவள் ஐம்பது ரூபாய் நீட்ட, கடைக்காரர் இரண்டு பத்தும் ஒரு ஐந்தும் கொடுத்தார். அவள் பார்க்காமலே மடக்கப் போனாள்.

“அண்ணே, ஒரு ரூவா கம்மி” என்றாள் ஜன்னா. “இருவத்திநாலோட அதச் சேத்தாதான் இருவத்தஞ்சு. அப்பறம் முப்பது, நாப்பது, அம்பது.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு ரூபாயை வைத்தார்.

“ஸ்கூல்ல இப்டியா சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள் ஹாதியா.

“இல்ல. வெலயிலேந்து மேல ஏறிகினே போணும். மாமி சொல்லிச்சு.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு ஜன்னாவே பேசினாள். “மாமி இன்னிக்கு ஊருக்குப் போறதா இருந்துச்சு. ஒனக்குத் தெரியுமா?”

ஹாதியா நின்று திரும்பினாள். “ஒனக்கு யாரு சொன்னா?”

“மாமிதான். யாரு போகச் சொன்னான்னு கேட்டேன். யாரும் சொல்லல, தம்பியப் பாக்கணும்போல கீது, நானாதான் போறேன்னுச்சு.”

“வேற இன்னா சொல்லிச்சு?”

“இனிமே அம்மாதான் கடைக்கு வருவா, கத்துனா பயப்படாத, நாள் பூரா நின்னுகினே இருக்கறா, அவளுக்குக் கால் வலிக்கும்னுச்சு.”

ஹாதியா பிள்ளையோடு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அடக்கம் முடித்து கபர்ஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தௌசிஃப் வாசல் குழாயடியில் வந்து நின்றான். இரண்டு கைகளிலும் மண். சர்க்கரைப் பொட்டலத்தை ஜன்னாவிடம் கொடுத்துவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் விரலிடுக்கிலிருந்து மண் கரைந்து ஓடியது. அவன் கையை உதறிவிட்டு உள்ளே போன பிறகும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.