சர்க்கரையைக் கவ்வும் கை

சிவப்புத் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். சன்னலில் ஐப்பசி மழை. மழைக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம். புள்ளிகள் ஈரமாக, கொழகொழவென்று மினுங்கின.

கம்பியால் தொட்டுத் தூக்கினேன். கூடவே நூலாக எழுந்து வந்தது. ஒற்றைக் கம்பிப் பதம். மைசூர்பாகுக்கு மாவைக் கொட்டலாம்.

தட்டின் அடியில் எழுதியிருந்தது. வடிவின் குழந்தை. பெண். ஏழு நாள். ரத்தம்.

வடிவு நான்தான். இந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கிருமி வளர்க்கும் தட்டுகளைப் பார்க்கிறேன். பிரசவ விடுப்பில் இருக்க வேண்டியவள், வயிற்றுத் தையலோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

இந்தப் பாக்டீரியாவுக்குக் கண் இல்லை. வாய் இல்லை. உடம்பெல்லாம் நுண்ணிய மயிர். மயிர் நுனியில் ஒரு புரதம். அந்தப் புரதம் உலகத்தில் தேடுவது ஒன்றைத்தான். சர்க்கரை.

நம் உயிரணு ஒவ்வொன்றும் மேலே சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. குடலிலும் அப்படித்தான். மயிர் நுனி அதைக் கவ்வும். ஒரு கவ்வு, பத்துக் கவ்வு, நூறு கவ்வு. அப்புறம் அதன் வீடு அது.

உடம்பு சும்மா இருக்காது. பிழியும், தள்ளும், வெள்ளமாய் அடித்துக் கழுவப் பார்க்கும். இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகும். இப்படி ஒரு பிடியைப் படைத்தவனை நேரில் பார்த்தால் சட்டையைப் பிடித்து உலுக்குவேன்.

ஆறாம் நாள் மகள் பால் குடிக்கவில்லை. ஏழாம் நாள் வயிறு உப்பிப் பளபளத்தது. அன்று மத்தியானமே வெட்டி வெட்டி இழுத்தது. ஏழு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை, என் கண்ணெதிரே வில்லாக வளைந்தாள்.

கையில் ஊசி. காலில் ஊசி. இடமில்லாமல் தலையில் ஊசி.

மூக்குக் குழாய் வழியே இரண்டு மில்லி பால் விட்டார்கள். பித்தம் கலந்து பச்சையாகத் திரும்பி வந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி பச்சை.

"ரெண்டு நாள் பார்ப்போம்மா," என்றார் டாக்டர். "பால் உள்ள தங்கலைன்னா குடலை வெட்டணும். இந்த எடைக்கு அதைத் தாங்குவாளான்னு எனக்குத் தெரியலை."

தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரைகள் உண்டு. குடலின் போர்வையைப் போலவே இருக்கும். பாக்டீரியா ஏமாந்து அதைக் கவ்வும், கவ்வியபடியே மலத்தோடு வெளியே போகும். என் மார்பில் மருந்து இருந்தது. அவள் வயிறு அதை வாங்க மறுத்தது.

தட்டை மூடினேன். எனக்கு ஒரு விரல் ஞாபகம் வந்தது.

பிரமு மைனியின் விரல். என் கணவரின் அக்கா. எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, சீனித் தண்ணீரில் விரலை நனைத்துப் பிள்ளையின் வாயில் முதல் இனிப்பாகச் சேனை வைத்தவள். வேண்டாம், வேண்டாம் என்று எட்டு மாதம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "ஒரு சொட்டுதானட்டி. எங்கொணம் வரட்டும்," என்று சிரித்தவள்.

வராந்தாவில் பெஞ்சில் இருந்தாள். நேரே போய் அறைந்தேன்.

"ஒன் வெரலுதான் எம்பிள்ளயக் கொல்லுது."

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மைனி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. "எத்தன அடி வேணாலும் அடி," என்றாள். "பிள்ள பொழச்சாப் போதும்."

எனக்கு அடி போதவில்லை. ஆதாரம் வேண்டியிருந்தது. பஞ்சுக்குச்சியால் அவள் நகக்கண்களைத் துடைத்தேன். சீனி டப்பாவைத் துடைத்தேன், சேனை வைத்த கிண்ணத்தைத் துடைத்தேன். தொழில் பழக்கம், ஒப்பிட இன்னொரு கை வேண்டுமே என்று என் கையையும் துடைத்தேன். விரல்கள் தனியாக, மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு தனியாக.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மைனியின் தட்டில் எல்லோர் தோலிலும் இருக்கிற சாதுவான கிருமிகள். சீனித் தட்டு காலி. கிண்ணத்தட்டு காலி. என் விரல் தட்டிலும் அந்தச் சாதுக்கள்தான்.

கயிற்றின் தட்டு இளஞ்சிவப்பு. தொட்டேன். நூலாக எழுந்து வந்தது.

குழந்தை வேண்டிக் கோயிலில் கட்டிய கயிறு. ஒன்பது மாதமும் கழற்றவில்லை. வார்டுக் குழாயில் நனைந்து, காயாமல், மறுபடி நனைந்த கயிறு. அதோடுதான் பால் பீய்ச்சினேன். ஊருக்கெல்லாம் கை கழுவச் சொல்லிக் கொடுத்தவள் நான். மைனியின் சீனித் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தவளும் நான்தான்.

பிள்ளையிடமிருந்து கயிற்றுக்கு வந்திருக்கலாமே என்று புத்தி எனக்காக வக்கீல் வைத்தது. நான் அந்த வக்கீலை நம்பவில்லை. அடுத்த நாள் மருந்துப் பரிசோதனையும் வந்தது. மகளின் ரத்தத்தில் எந்த மருந்துகள் தோற்றனவோ அவையே கயிற்றிலும் தோற்றன. ஜெயித்த மருந்தும் ஒன்றேதான்; அதைத்தான் மகளுக்கு ஏற்றினார்கள்.

தட்டைக் குப்பையில் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். அவசரத்தில் தோலும் வெட்டுப்பட்டது. அதே வராந்தா. அதே பெஞ்சு. சுற்றிலும் அதே சனம்.

"மைனி, ஒங்க வெரல்ல ஒண்ணுமில்ல. சீனிலயும் ஒண்ணுமில்ல. எங்கயித்துலதான் இருந்துச்சு."

மைனி என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள். எழுந்தாள். பளீரென்று ஓர் அறை. காது அடைத்தது. தையல் சுண்டி இழுத்தது.

"பச்ச ஒடம்புக்காரின்னு பாக்கேன். இல்லன்னா இன்னொண்ணு விழும்," என்றாள். "பால் நேரமாயிட்டு. போ, கையத் தேச்சுக் கழுவு."

முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். வெட்டுக்காயத்தில் சோப்பு எரிந்தது. எரியட்டும். காயத்தைப் பிளாஸ்திரியால் மூடி, புதுக் கையுறை போட்டு, கொதிக்க வைத்து எடுத்த கிண்ணத்தில் பீய்ச்சினேன். இரண்டு மில்லி.

குழாயில் பால் இறங்கியது. வெள்ளையாக, மெதுவாக. நான் கண்ணாடித் தடுப்பில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். வாருங்கள். இதைக் கவ்வுங்கள். என் பிள்ளையை விட்டுவிட்டு இதைக் கவ்வுங்கள். கவ்விக்கொண்டே செத்துத் தொலையுங்கள்.

மூன்று மணி நேரம். மைனி பக்கத்தில் நின்றாள்.

நர்ஸ் குழாயில் ஊசிக்குழலைப் பொருத்திப் பின்னுக்கு இழுத்தார். காற்று வந்தது. இன்னும் இழுத்தார். காற்றுதான் வந்தது.

"பச்சை இல்லை. பால் தங்கிடுச்சு," என்றார். "அடுத்த வேளைக்கு மூணு மில்லி கொண்டு வாங்க."

மைனி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் கை கழுவப் போனேன்.