மேல் பெர்த்

பல்பு மாற்றுவதற்கே ஆள் கூப்பிடுகிறவன் நான். கட்டில் செய்து தருவதாக வாக்குக் கொடுத்தேன், அதுவும் குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் அம்மாவின் மேசைக்கு முன்னால்.

எதிரே தாமரைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷம் என் மனைவியாக இருந்தவள், அந்த அறையில் மனுதாரர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கள் மகள் இசைவாணி, ஒன்பது வயது, கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது சனிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போயி, ஒரு ராத்திரி தங்கிட்டு, ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட வந்துரலாம். சரியாம்மா?" என்று கேட்டார் ஆலோசகர்.

இசைவாணி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மின்விசிறியைப் பார்த்தாள். "ரயில்ல மேல் பெர்த் இருக்கும்ல. அந்த மாதிரி இருந்தா படுப்பேன்."

"அம்புட்டுத்தானே பாப்பா? நானே செஞ்சு தாரேன்" என்றேன்.

தாமரைச்செல்வி சிரித்தாள். "ஸ்குரூ டிரைவர்ல பிடி எந்தப் பக்கம்னு தெரியுமா உங்களுக்கு?"

ஆலோசகர் அம்மாவும் சிரிப்பை அடக்கக் கோப்பைப் புரட்டினார். சிரிக்கட்டும். நான் குறித்துக்கொண்டது ஒன்றைத்தான். என் பெண் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். நிபந்தனை வைத்தால் வியாபாரம் பாதி முடிந்த மாதிரி. செல்லூரில் அப்பாவின் போர்வைக் கடையில் வளர்ந்தவனுக்கு இது கூடத் தெரியாதா?

தறிக்காரர்களிடம் போர்வையும் துண்டும் லுங்கியும் எடுத்து, நாகர்கோவிலிலிருந்து நெல்லூர் வரைக்கும் கடை கடையாகப் போடுவது எங்கள் தொழில். லைனுக்குப் போவது என்போம், போனால் திரும்ப நாள் கணக்காகும். எனக்கு அ, ஆ வருவதற்கு முன்பே 'பாத்துப் போட்டுக் குடுங்க' வந்துவிட்டது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஊரில் பாதிப் பேருக்குப் போர்வை கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டுப் படுக்கிற கட்டில் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை.

பிரிந்த பிறகு ஆனையூரில் மாடிப் போர்ஷன் பிடித்திருந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் கடைக் கட்டில் ஏறாது. ஏறினாலும் வாங்கியிருக்க மாட்டேன். 'நானே' என்று சொல்லித் தொலைத்தாயிற்று. கையில் இருந்தது இருபத்திரண்டு நாள்.

ஏதோ வீடியோவின் அடியில் கிடந்த இணைப்பைத் தொட்டு 'நம்ம கையே போதும்' என்ற வாட்ஸப் குழுவுக்குள் விழுந்தேன். இருநூற்று நாற்பது பேர், ஒருவரையும் தெரியாது. "மேல் பெர்த் கட்டில். ஒன்பது வயதுப் பெண் படுக்க. அறை பத்துக்குப் பத்து. அனுபவம் சைபர்" என்று போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் முப்பத்தோரு பதில். இரும்பில் செய் என்றார் ஒருவர். இரும்பு என்றால் சூடு, மரத்தில் செய் என்றார் இன்னொருவர். ஆசாரியைக் கூப்பிடு என்று ஒருவர், ஆசாரி வர மாட்டான் என்று ஒருவர். விருமாண்டி என்பவர் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ அனுப்பினார். முப்பத்திரண்டாவதாகக் கொட்டாம்பட்டியிலிருந்து பீமாராவ் என்பவரின் குரல் பதிவு வந்தது. பின்னால் ஆடு கத்தியது.

"அண்ணே, வணக்கம். சொவரு செங்கலா, ஹாலோ பிளாக்கா? மொதல்ல அதத் தட்டிப் பாத்துச் சொல்லுங்க. மத்ததெல்லாம் பொறவு பேசுவோம்."

எங்கள் பக்கத்து ஆட்கள் பெயரைக் கேட்டால் ஊரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்டால் தெருவைக் கேட்பார்கள். எனக்கு அவரிடம் கேட்க வேண்டியிருந்தது அளவு மட்டும்தான். அவருக்கு என் வயது தெரியாது, எனக்கு அவர் வயது தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அண்ணே என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

"பலகை பதினெட்டு எம்எம் ப்ளைவுட் போடுங்கண்ணே."

"பன்னெண்டு போதாதாண்ணே?"

"பதினெட்டு."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பதினஞ்சு?"

கொஞ்ச நேரம் ஆடு மட்டும் கத்தியது. "அண்ணே, நான் உங்களுக்குப் பலகை விக்கல."

நான் என்ன செய்வேன், நாக்கு அப்படிப் பழகிவிட்டது. எட்டு போல்ட் என்றால் நான் நாலில் ஆரம்பித்தேன். வார்னிஷ் இரண்டு தடவை என்றால் ஒரு தடவை என்றேன். பசை இரண்டு நாள் காய வேண்டும் என்றால் ஒன்றரை நாளுக்குக் கேட்டேன். தமிழ்வாணி என்ற டீச்சர், மெத்தை உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அதற்கு மேல் ஒரு அடி தடுப்பு வைக்கச் சொன்னார். முக்கால் அடிக்கு முடித்துக்கொள்ளலாமா என்றேன். "சார், விழப் போறது உங்க பொண்ணு" என்று எழுதினார். ஒரு அடியே வைத்தேன்.

பேரம் பேசுகிற புத்தி கடையோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. தாமரைச்செல்வி என்னிடம் நகை கேட்டதில்லை, வீடு கேட்டதில்லை. "மாசத்துல பதினஞ்சு நாள் ராத்திரி வீட்ல இருங்க" என்றாள். நான் ஏழு என்றேன். அவள் பன்னிரண்டு என்பாள், பத்தில் முடிக்கலாம் என்று மனசுக்குள் கணக்கு. அவள் பதில் விலை சொல்லவில்லை. எழுந்து போய்ச் சோற்றைப் போட்டாள். ரொம்ப மலிவாக முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

பழைய மரக் கடையில் வேம்புச் சட்டங்கள் கிடைத்தன. இடித்த வீட்டு மரம், உள்ளே ஆணி. முதல் நாளே டிரில் பிட் உடைந்தது. இரண்டாம் நாள் கட்டைவிரல் நகம் போனது. மூன்றாம் நாள் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "சார், வீட்டக் காலி பண்றீங்களா, இல்ல வீட்டையே கழட்டுறீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். முகம் தெரியாதவர்கள் மருந்து சொன்னார்கள், திட்டினார்கள், விருமாண்டி ரோஜாப்பூ போட்டார்.

பதினாறாம் நாள் கட்டில் நின்றது. பாரம் ஏற்றிப் பார்க்கச் சொன்னார் பீமாராவ். கடையிலிருந்து போர்வைக் கட்டுகள் இரண்டைக் கொண்டுவந்து மேலே வைத்தேன். கட்டில் பழைய டவுன் பஸ் மாதிரி ஆடியது. வீடியோ அனுப்பினேன்.

"எத்தன போல்ட் போட்டீங்கண்ணே?"

"எட்டு."

"எண்ணிச் சொல்லுங்க."

"நாலு."

"அண்ணே, பாப்பாவும் நாலு நாள்தான் இருக்கப் போகுதா?"

கழற்றினேன். எட்டு போல்ட்டையும் போட்டேன். அவர் சொன்ன இடத்தில் குறுக்குச் சட்டம் கொடுத்தேன், சுவரோடு இரண்டு இடத்தில் பிடித்தேன். என் வாழ்நாளில் ஒருவன் சொன்ன விலைக்கு அப்படியே வாங்கியது அதுதான் முதல் தடவை. கட்டுகளை ஏற்றி, நானும் ஏறி உட்கார்ந்து உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ரசமட்டத்தை வைத்து, நடுவில் நின்ற குமிழியைப் படமெடுத்துப் போட்டேன். குழுவே கை தட்டியது.

சனிக்கிழமை பத்து மணிக்கு இசைவாணியைக் கூட்டிவந்தேன். கண்ணை மூடச் சொல்லி அறைக்குள் நிறுத்தி, "இப்பத் தொற" என்றேன்.

திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நெசமாவே செஞ்சுட்டியாப்பா?"

"நானேதான். கையப் பாரு." கட்டைவிரலைக் காட்டினேன்.

ஏணியில் ஏறினாள். படுத்தாள், புரண்டாள், எழுந்து உட்கார்ந்தாள். "நல்லாருக்குப்பா." சொன்ன விதம் சரியில்லை. சரக்கு பிடிக்காத ஆள் கௌரவத்துக்காக, 'நல்லாத்தான் இருக்கு' என்று மடித்து வைப்பானே, அந்தக் குரல். உயரம் பழகவில்லை, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன்.

மதியம் பிரியாணி சாப்பிட்டோம். கேரம் ஆடினோம், அவளே ஜெயித்தாள். நாலு மணிக்கு மேல் பேச்சு குறைந்தது. ஐந்தரைக்கு நான் டீ போட்டுக்கொண்டு வந்தபோது, மேலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோள் குலுங்கியது.

"பாப்பா, உசரம் பயமா இருக்கா?"

"இல்ல."

"ஆடுதா?"

"ஆடவே மாட்டேங்குதுப்பா" என்று தேம்பினாள், அது ஒரு குற்றம் போல.

ஏணியில் இரண்டு படி ஏறி நின்றேன். முதுகைத் தடவினேன். சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "ஒனக்கு ஆணி கூட அடிக்கத் தெரியாதுன்னு அம்மா சொல்லும்ல. அதேன் அந்த மேடம்ட்ட மேல் பெர்த்துன்னு சொன்னேன். நீ செய்ய மாட்டேன்னு நெனச்சேன்."

கொடுக்க மனமில்லாத சரக்குக்கு வியாபாரி எட்டாத விலை சொல்வான். வாங்க வந்தவன் மனசும் நோகாது, சரக்கும் கடையிலேயே இருக்கும். நானே எத்தனை பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். என் மகள், என் ரத்தம், அதைத்தான் செய்திருக்கிறாள். முகம் தெரியாத இருநூற்று நாற்பது பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்த விலையைக் கொண்டுபோய்க் கொட்டி அவளை மூலையில் நிறுத்திவிட்டேன்.

"அப்பா வீட்ல படுக்கப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மா தனியா படுக்காது. பயப்படும்."

"அம்மாவா? யாருக்கு?"

"ராத்திரிக்குத்தான். பக்கத்துல தறி ஓடும்ல, அந்தச் சத்தம் இருந்தா தூங்கும். கரண்ட் போயி நின்னுருச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துக்கும். நான் கையப் பிடிச்சாத்தேன் திரும்பப் படுக்கும்."

"எப்ப இருந்து பாப்பா?"

"எப்பவுமே. நீ லைனுக்குப் போவீல்ல, அப்ப இருந்தே." திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அம்மாட்ட சொல்லிராத. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கு."

பதினைந்து நாள் கேட்டவள் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விலை படிந்ததும் விற்றவனிடம் 'ஏன் கொடுத்தாய்' என்று யாராவது கேட்பார்களா?

அவளை முகம் கழுவ அனுப்பினேன். போன் அடித்தது. பீமாராவ். இத்தனை நாளில் குரல் பதிவுதான், கூப்பிட்டதில்லை.

"என்னண்ணே, பாப்பா ஏறுச்சா? குரூப்புல எல்லாரும் போட்டோ கேக்குறாங்க. தமிழ்வாணி டீச்சர் மூணு தடவ கேட்டுட்டாங்க."

பால்கனிக்குப் போய்ச் சொன்னேன். ஒரு அந்நியனிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கணக்கெல்லாம் அப்போது வரவில்லை. அம்மாவின் பயத்தை மட்டும் சொல்லவில்லை, அது சத்தியத்துக்குக் கட்டுப்பட்டது. "அவங்கம்மாவ விட்டுட்டு அதால இருக்க முடியலண்ணே" என்று முடித்தேன்.

"கொண்டுபோயி விட்டுருங்கண்ணே."

"ராத்திரி சாப்பிட்டுத் தூங்கிருச்சுன்னா…"

"இப்பவே விட்டுருங்க. இருட்டுறதுக்குள்ள."

"ஒரே ஒரு ராத்திரிண்ணே. காலைல ஆறு மணிக்கெல்லாம் நானே கொண்டுபோயி…"

"அண்ணே" என்றார். குறைத்துத் தர மாட்டார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. நானும் கேட்கவில்லை.

வண்டியில் என் முதுகைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாலம் தாண்டிச் செல்லூர்ச் சந்துக்குள் நுழைந்தபோது விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். எனக்கு அது சரக்கு ஏறுகிற சத்தம், வேறொன்றுமில்லை.

தாமரைச்செல்வி கதவைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என் கட்டைவிரல் கட்டைப் பார்த்தாள்.

"என்ன, கட்டில் சாஞ்சிருச்சா?"

"இல்லம்மா, சூப்பரா இருக்கு" என்றாள் இசைவாணி. "அங்க ஒரே கொசு. அதான் வந்துட்டேன்."

நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறது, அதையும் அந்தக் குழுவே சொல்லிக்கொடுத்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, கொசு" என்றேன்.

"ஒரு கொசுவத்தி வாங்கி வைக்க வக்கில்ல. பெருசாப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டீக."

"மறந்துட்டேன்."

"என்னத்த ஞாபகம் வச்சீக" என்றவள், மகளின் தலையை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை வந்ததில் அவள் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். அதற்கு முன்பு இருந்த இறுகிய முகத்தைப் பதினோரு வருஷத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நான் வாசலில் பெட்டியோடு கிளம்பி நிற்கும்போது. கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வண்டியைத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்யவில்லை.

"செல்வி" என்றேன். "ராத்திரி தறி ஓடுமா?"

கதவை மூடப்போனவள் நின்றாள். "ஓடும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."