நின்றுகொண்டு பேசமாட்டாள்

எங்கள் குடும்பத்துப் பெண்கள் பொது இடத்தில் குரல் உயர்த்தியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை பார்க்கும் என் மருமகள், சங்கம் சேர்த்துக்கொண்டு வார விடுமுறை கேட்கப் போயிருக்கிறாள் என்று தெரிந்ததும், அவளைக் கையோடு அழைத்துவரக் கிளம்பினேன்.

குடியிருப்பின் கூட்ட அறையில் செயலாளரும் நிர்வாகிகளும் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். எதிரே என் மருமகளும் அவளுடைய சங்கத்துப் பெண்களும் நின்றிருந்தார்கள். சுவரோரம் காலி நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன.

“சட்டுபுட்டுனு சொல்லும்மா. எங்களுக்கு வேலை கெடக்கு” என்றார் செயலாளர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்க வீட்டு மருமக நின்னுகிட்டுப் பேசமாட்டா!”

“நீங்க யாரு பெரியவரே?”

“அவளோட மாமனார். மொதல்ல நாற்காலி போடுங்க. அப்புறம் பேச்சு.”

“இத்தனை பேருக்குமா?”

“இத்தனை பேரும் எங்க வீட்டுப் பொண்ணுங்கதான்.”

பெண்கள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. சிரிப்பும் கூச்சலுமாக நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்த என் மருமகள் நிதானமாகச் சொன்னாள்.

“லீவு தரலேன்னா நாளைக்கு யாரும் வரமாட்டோம் சார். பாத்திரமெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும்.”

செயலாளர் நிர்வாகிகளைப் பார்த்தார். அவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் சம்பளத்தோடு விடுமுறை என்று செயலாளர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கைதட்டலில் அறையே அதிர்ந்தது.

வாசலில் மருமகள் கேட்டாள். “மாமா, என்னைத் திட்டத்தானே வந்தீங்க?”

“அது வீட்டுக்குப் போய்” என்றேன். என் கால் தரையில் பாவவில்லை.