ஞானராஜ் திரும்பவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கடலைப் பொட்டலத்தில் கிடைத்தது. 1986-இல், அரூர் பஸ் ஸ்டாண்டில். கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைப் பிரித்தால் பாதி கிழிந்த வரி விளம்பரம்: ‘மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு. ஒரே கையில் ஓடியது. ரொக்கத்துடன் நேரில் வரவும். மொரப்...’

யாருடைய கை என்று போடவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மொரப்பூர் ஸ்டேஷன்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. குதிரை வண்டியிலிருந்து இறங்கிய அந்நியன் தன் கம்பளி அங்கியை...’

(மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிப்பதன் கோளாறு. மொரப்பூரில் வெயில். பனியை அடித்தேன், குதிரையை அடித்தேன், அங்கியை அடித்தேன். அந்நியனை மட்டும் அடிக்க வரவில்லை. அவன் அப்படியே நின்றான்.)

2

வாங்குகிறவன் கஸ்பார். பொம்மிடிக்காரன். சைக்கிளில் துணி மூட்டை கட்டிச் சித்தேரி மலை ஊர்களுக்குத் தள்ளிக்கொண்டு போய் விற்கிறவன். போன மாதம் மலை ரோட்டில் மூச்சு முட்டி விழுந்தான். அதற்குப் பிறகுதான் அவன் மனைவி புஷ்பமேரி தன் கல்யாணச் சங்கிலியைக் கழற்றி விற்றாள். அவர்களிடம் இருந்த தங்கம் அவ்வளவுதான்.

(முதல் பிரதியில் கஸ்பாரைத் தனியாக அனுப்பினேன். ஒரே பக்கத்தில் பணம் போய்விட்டது. கிழித்துப்போட்டு, புஷ்பமேரியையும் ரயிலேற்றினேன். பணம் இப்போது அவள் மடியில் இருக்கிறது.)

3

ஸ்டேஷனுக்குப் பின்னால் புளியமரம். அதன் அடியில் வண்டி. பக்கத்தில் அந்த அந்நியன். கழுத்தில் ஜெபமாலை.

“தோத்திரம்ங்க. நான்தான் ஞானராஜ்.”

கஸ்பாரின் முகம் மலர்ந்துவிட்டது. மனைவி காதில், “நம்ம வேதக்காரருதான் புள்ள” என்றான்.

“மாலை போட்டவங்க எல்லாரும் பூசைக்கு வந்தா கோயில்ல எடம் பத்தாது. நம்பரப் பாருங்க” என்றாள் அவள்.

பார்த்தான். ஆர்.சி. புத்தகத்தில் ஞானராஜ் என்ற பெயர். நம்பர் சரி. இன்ஜினில் பொறித்த எண்ணும் சரி. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

“கூட்ஸ் வருது” என்றான் அந்த ஆள், நடுவில். இவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தூரத்தில் ஊதியது.

“வெலைய முடிச்சுக்கலாங்க. இருங்க, டீ சொல்லிட்டு வர்றேன்.” கடைப் பக்கம் நடந்தான்.

இந்த இடத்தில் ‘இருவரும் வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்’ என்று முடிப்பதாக இருந்தேன். ஆனால் புஷ்பமேரிக்கு டீ ஆகாது.

“ஞானராஜண்ணா! எனக்கு டீ வேண்டாங்க!”

அவன் திரும்பவில்லை.

“ஞானராஜண்ணா!”

டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். திண்ணையில்லாத அந்தக் கடை வாசலில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கியது. அவன் நடந்துகொண்டே இருந்தான்.

“காது மந்தமோ என்னமோ” என்றான் கஸ்பார்.

“கூட்ஸு கேட்டுச்சே.”

4

நான் பேனாவை மூடிவைத்தேன். ஞானராஜ் என்று பெயர் வைத்தது நான். அது அவன் பெயர் இல்லை என்றால் இவன் யார்? வண்டியையும் புத்தகத்தையும் கொடுத்த ஞானராஜ் எங்கே?

புஷ்பமேரி அதற்கு ஒருபடி மேலே போய்விட்டாள். அந்த ஜெபமாலையும் வண்டியோடு வந்ததா?

(மாற்று முடிவு, ஒன்று: அவன் ஏதோ யோசனையில் இருந்தான், நல்லவன்தான். எழுதிப் பார்த்தேன். அதையும் அடித்தேன்.

மாற்று முடிவு, இரண்டு: போலீஸ் ஜீப் வந்து... வராது. அந்தப் பக்கம் ஜீப் வந்து நான் பார்த்ததில்லை.)

அவன் டீயோடு திரும்பி வந்தான். “பணம் கொண்டாந்திருக்கீங்கல்ல?”

“எங்கண்ணன்கிட்ட இருக்குதுங்க. டேசன்ல நிக்கறாரு” என்றாள் புஷ்பமேரி. அவளுக்கு அண்ணன் கிடையாது. கஸ்பார் வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தாள்.

அந்த ஆள் சிரித்தான். “அண்ணனா? ரயில்ல இருந்து நீங்க ரெண்டு பேருதானே எறங்குனீங்க?”

இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. அவன் அப்போதிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கும் இப்போதுதான் தெரியும்.

“கடைசிப் பெட்டியில வந்தாருங்க.”

“அப்படீங்களா. வாங்க, அண்ணனையும் பார்த்துடலாம்.”

5

மூவரும் நடக்கிறார்கள். கஸ்பார் முன்னால், மடியை இறுகப் பிடித்தபடி புஷ்பமேரி, பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன். சக்கரச் சத்தம் அவள் குதிகாலுக்கு அருகிலேயே கேட்கிறது.

பிளாட்பாரத்தில் நான் யாரையும் எழுதி வைக்கவில்லை. இனி எழுதினால் அவன் நம்பமாட்டான். என் ஆட்களை எல்லாம் அவனுக்குத் தெரியும். உங்களைத்தான் தெரியாது.

அந்தச் சிமென்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில், கையில் இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நில்லுங்கள், போதும். புஷ்பமேரி படியேறி வருவாள். உங்கள் முதுகைப் பார்த்து, “அண்ணா!” என்று கூப்பிடுவாள்.

நீங்கள் யாராக இருந்தாலும் சரி, திரும்பிப் பாருங்கள்.