காது கேட்காதவர் சொன்ன நியாயம்

கோவளம் குப்பத்தில் யாருக்கு யாரோடு தகராறு வந்தாலும் சிங்காரத்திடம்தான் போவார்கள். மற்றவர்கள் பாதிப் பேச்சிலேயே குறுக்கே விழுவார்கள். சிங்காரம் மட்டும் எதிரே இருப்பவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கடைசிவரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார். வாய்கள் ஓய்ந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். இரண்டு தரப்பும் கும்பிட்டுவிட்டுப் போகும்.

படகு இன்ஜின் பக்கத்திலேயே காலத்தைக் கழித்ததில் அவருக்குக் காது மந்தம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கொஞ்சமாவது கேட்கும் என்று நினைத்திருந்தார்கள். சிங்காரமும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மகள் வினிதாதான் அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய்க் காது மிஷின் வாங்கிக்கொடுத்தாள்.

"முதல்ல வீட்டுக்குள்ளயே கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்க" என்றாள் அதைப் பொருத்திய பெண். சிங்காரம் கழற்ற மறுத்துவிட்டார். திரும்பி வரும்போது, பஸ் திருப்போரூரைத் தாண்டுவதற்குள் எழுந்து நின்று, "வண்டி பிரியுது! நிறுத்துப்பா!" என்று கத்தினார். டிரைவர் பதறி நிறுத்த, பாதிப் பேர் இறங்கியே விட்டார்கள். ஆடியது ஜன்னல் கண்ணாடிகள்தான்.

"பெரியவரே, இது வாங்கனதுலேர்ந்து இப்டிதான் கத்திகினு கீது" என்றார் கண்டக்டர்.

வீட்டில் இன்னும் மோசம். சட்டை உரசுவதுகூடச் சரசரவென்றது. தன் குரலே அண்டாவுக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல வந்தது. அப்பளத்தைக் கடித்துவிட்டு, ஓடு சரிகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் கழட்டி வெய்யேன்யா" என்றாள் மனைவி சாந்தா.

அவள் குரலும் மாறியிருந்தது. இவர் நினைவில் இத்தனை கரகரப்பு இல்லை.

மறுநாள் காலையில் ஜெரோமும் அவன் பக்கத்து வீட்டுத் திருவேங்கடமும் வந்தார்கள்.

"இவன் பூனை என் கருவாட்ட துன்னுட்டுது அண்ணாத்த" என்றான் ஜெரோம்.

"தூங்கறது என் வூட்ல, துன்றது அவன் வூட்ல. சோறு போடறவனுதுதானே பூனை?" என்றான் திருவேங்கடம்.

"நான் எங்கடா போட்டேன்? அதுவா துன்னுச்சு!"

"நான் மட்டும் பாய் விரிச்சேனா? அதுவா படுத்துக்கிச்சு!"

சிங்காரத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியல" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்த மிஷினக் கழட்டிட்டுச் சொல்லு அண்ணாத்த" என்றான் ஜெரோம்.

கழற்றினார். நிம்மதியான அமைதி. ஆனால் பூனை மண்டைக்குள் புகுந்துவிட்டது, போகவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு கையை விரித்தார்.

"காது கேட்டும் நியாயம் தெரியலியா? பேஜாரு புடிச்ச மனுசன்" என்றான் திருவேங்கடம்.

"வா மச்சான், டீ குடிக்கலாம்" என்றான் ஜெரோம். சிங்காரத்தைத் திட்டிக்கொண்டே இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ரொம்ப தூரம்வரை அவருக்கு அது தெளிவாகக் கேட்டது.

அவர் சாந்தாவிடம் திரும்பினார். "முன்ன எல்லாம் சரியாதானே சொன்னேன்?"

அவள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன வருசம் இதே ஜெரோமு, ஆட்டக் காணோம்னு திருவேங்கடத்த இழுத்துகினு வந்தான். வலைய ஆளுக்குப் பாதியா பிரிச்சிக்கங்கன்னு சொன்ன."

"பிரிச்சாங்களா?"

"கத்திய வெச்சி அறுத்தாங்க."

"ஆடு?"

"அது சாயந்தரமே வூட்டுக்கு வந்துடுச்சி."

"நீ அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னனே. உனக்குக் கேக்கல."

சிங்காரம் தயங்கித் தயங்கி, "எல்லம்மாளுக்கும் அவ புருசனுக்கும் ஒரு தகராறு வந்துதே, அதுவாவது?" என்றார்.

"தகராறா? பொண்ணு கல்யாணத்துக்கு உன்ன அழைக்க வந்தாங்கய்யா. இனிமே ரெண்டு பேரும் சண்ட போட்டுக்காதீங்கன்னு அனுப்பிட்ட."

"ஐயோ. இன்னா சொன்னாங்க?"

"அழுதுட்டாங்க. நெசமாவே பேசிக்காமதான் இருந்தாங்களாம். இவருக்கு எப்டித் தெரிஞ்சிதுன்னு கேட்டாங்க."

"அந்தக் கல்யாணத்துக்கு நாம போனமா?"

"உனக்குத்தான் தெரியாதே" என்றாள் சாந்தா. "நான் மட்டும் போய்ட்டு வந்தேன். நல்ல சாப்பாடு."