கழுவாத படம்

சுப்பண்ணன் மஞ்சப்பையிலிருந்து படத்தை எடுத்து ஸ்டூடியோ மேஜைமேல் வைத்ததும் மாதவனுக்கு முதலில் பெருமைதான் வந்தது. என்ன படம்! கிணற்றின் ஓரமெல்லாம் பச்சைப்பாசி, நடுவில் அசையாத தண்ணீர், படி இடுக்கில் முளைத்த ஒற்றைச் செடி, அதன் நிழல். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை மூக்கையும் மொய்க்கூட்டத்தையும் எடுத்து எடுத்துச் சலித்தவனுக்கு, சாமளாபுரம் பக்கம் சுப்பண்ணனின் கிணற்றங்கரையில் குப்புறப் படுத்து இதை எடுத்த காலை இன்னும் இனித்தது.

"ஆபீசருக்குப் படம் ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க தம்பி," என்றார் சுப்பண்ணன். "'பாசி இவ்வளவு பச்சையா இருக்குது, இதையா சாயத்தண்ணி கலந்த கெணறுங்கறீங்க'ன்னு கேட்டுப்போட்டாருங்க. மனுவத் தள்ளிட்டாங்க."

மாதவனுக்குக் காது சுட்டது. அவர் படமெடுக்கக் கூப்பிட்டதே சாயத்தண்ணீரைக் காட்டத்தானே! "பாசியே செத்துக் கெடக்குதுங்க, அதப் புடிங்க தம்பி" என்று அன்றைக்குக் கையைப் பிடித்துக் காட்டினார். சாயப்பட்டறைக் கழிவு ஊறித் தண்ணீர் பீட்ரூட் சாறாகக் கிடந்தது. பாசி கருகி, நுரை கட்டியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எடுத்தான். கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்ததும் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. மணப்பெண்ணை வெளுப்பாக்குகிற கை, பருவைத் துடைக்கிற கை. சிவப்பை இறக்கினான், பச்சையை ஏற்றினான், நுரையை அழித்தான். யார் கேட்டார்கள் இவனை? தூ, என்ன பிழைப்பு இது!

"கழுவாத படம் இருக்குமுங்களா?" என்றார் சுப்பண்ணன்.

ஃபிலிம் காலத்துப் பேச்சு அது. படம் கழுவுவது என்றால் பிரிண்ட் போடுவது; அதற்கு முந்தின அசலைக் கேட்டார், அவ்வளவுதான். அவர் வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மாதவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இல்லய்யா. அதுமேலயே சேவ் பண்ணித் தொலைச்சிட்டேன். நாளைக்கே வந்து திரும்ப எடுத்துத் தாரேன்."

"மழை பேஞ்சு கெணறு ரொம்பிருச்சுங்க. இப்பப் பாத்தா ஒண்ணுந் தெரியாது. குடிக்கிற மாட்டுக்குத்தான் தெரியும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மனுஷன் கடைசிவரை 'ங்க' போட்டே பேசினார்.

அப்போதுதான் வெளியே கருப்பாத்தாளின் குரல் கேட்டது. சுப்பண்ணனின் சம்சாரம். ஆபீசுக்குப் போன படத்தை அவள் பார்த்ததேயில்லை. வாசலில் ஷோகேஸ் கண்ணாடிமுன் நின்றுகொண்டிருந்தாள். கிணற்றுப் படம் நன்றாக இருக்கிறதென்று ஸ்டூடியோ முதலாளி அதைப் பெரிதாக்கி, ஒரு மணப்பெண்ணுக்கும் மொட்டைக் குழந்தைக்கும் நடுவில் மாட்டியிருந்தார்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க! எந்த ஊருக் கெணறோ, எப்பிடி இருக்குது! ஒரு கை அள்ளிக் குடிக்கலாமாட்ட இருக்குதுங்க!"

மாதவனுக்கு மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம்போல் இருந்தது. சுப்பண்ணன் போய் அவளருகில் நின்றார். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆருதோ," என்றார். "வா புள்ள, பஸ் வந்துரும்."

அவள் நகரவில்லை.

"இந்தப் படியப் பாருங்க. நம்ம கெணத்துப் படியாட்டவே மூலை ஒடஞ்சிருக்குது."

கண்ணாடிமேல் விரலை வைத்து, அந்த உடைந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.